தன்மை ஒருமை

பத்து மணிக்கு நான் தாய்.
பத்தரைக்கு நான் தகப்பன்.
மொழிபெயர்க்க வந்தவளுக்கு விதி அப்படி:
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது.
அவர்கள் வாயில் நான் என்று வருவது
என் வாயிலும் நான் என்றே வர வேண்டும்.

வூப்பர்டாலில் நீதிமன்றம் இருக்கும் தெருவுக்குத்
தீவு என்று பெயர்.
ஆறு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.
ஆற்றின் தலைக்கு மேலே
தண்டவாளத்தில் தொங்கியபடி ரயில்.
பேச்சு நின்றுபோகும்போதெல்லாம்
அதன் முனகல் கேட்கும்.

ஜெயதர்ஷினிக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது.
பொய்ப்பல் செய்யும் கூடம்,
தமக்கை வீட்டிலிருந்து இரண்டு தரிப்பு.
"நாங்கள் ஆகஸ்டுக்கு முதல் போகவேணும்,
பள்ளிக்கூடம் துவங்கீரும்."
நாங்கள்.
நாம் அல்ல.
ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்,
அதைச் சொன்னேன், பிழையில்லை.
நீதிபதிக்கு எட்டாத அந்த வித்தியாசம்
மேசையைத் தாண்டி
விமலேந்திரனுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது.

பிறகு நீதிபதி ஒரு சொல் சொன்னார்.
இருபத்தேழு எழுத்து,
நட்சத்திரங்களின் தொகை.
அவிழ்த்தேன்:
பிள்ளை எங்கே இருப்பது என்று தீர்மானிக்கும் உரிமை.
சூட்கேசிலிருந்து எடுத்துப் போட்ட உடுப்பு மாதிரி
அது பிறகு அந்த ஒற்றைச் சொல்லுக்குள்
மடங்கிப் போகவில்லை.

மிதுசாவுக்கு எட்டு வயது.
அவளுக்கு நான் தேவையில்லை,
படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது.
நீதிபதியோடு தனியறையில் அவள்.
நடையில் நாங்கள் மூன்று பேர்,
நான் நடுவில்,
இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதிரை விட்டு.
தகப்பன் பக்கத்துக் கதிரையில் அவளுடைய மஞ்சள் ஜாக்கெட்,
தாயின் பக்கம் அவளுடைய தண்ணீர்ப் போத்தல்.
உள்ளே யாரோ சிரித்தார்கள்.
இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.
ஒரே மாதிரி.

திரும்பப் போய் உட்கார்ந்ததும்
தொலைபேசி பற்றிய வாதம்.
பிள்ளை அங்கே எட்டு மணிக்குப் படுக்கும்,
இங்கே அப்போது இரவு இரண்டு,
எந்தத் தகப்பனால் முடியும் என்று கேட்டார்
அவருடைய வழக்கறிஞர்,
குரலில் கொஞ்சம் வெற்றி.
அதைத் தமிழில் அவர் காதில் போட்டேன்.

விமலேந்திரன் மேசையைப் பார்த்துச் சொன்னார்:
"ரெண்டு மணிக்கு நான் முழிப்புத்தான்.
பேக்கரியில அப்பதான் எனக்குத் தேத்தண்ணி."

சத்தமாக இல்லை.
யாருக்கும் என்று இல்லை.
நான் வாய் திறக்கும் முன்பே
ஜெயதர்ஷினி திரும்பிவிட்டாள்.
அன்றைக்கு முதல் தடவை,
என் பக்கம் அல்ல, அவர் பக்கம்.

உண்மையாக, மனச்சாட்சிப்படி
என்று சத்தியம் செய்தவள் நான்.
முணுமுணுப்பும் அதில் அடங்குமா
என்று யாரும் சொல்லித் தரவில்லை.
அந்த ஒரு வரி
அவருடைய வழக்கையே கவிழ்க்கும்.
தெரியும்.
இல்லை, தெரியாது.
அது என் வேலை இல்லை.

நான் இரண்டு மணிக்கு விழித்திருப்பேன்
என்றேன், ஜெர்மனில்.
எனக்கு அப்போது தேநீர் இடைவேளை.
வழக்கறிஞரின் பேனா நின்றது.
நீதிபதியின் பேனா
எழுதத் தொடங்கியது.

முடிவு தபாலில் வரும் என்றார்கள்.
என் கூலிப் படிவத்தில்
வந்த நேரம், போன நேரம், பயணச் சீட்டு.
தமிழிலிருந்து, ஜெர்மனுக்கு.

தொங்கும் ரயிலில் ஒரே பெட்டி,
வேறு வழியில்லை.
வழக்குக்காரரோடு பேசக் கூடாது,
அவருக்கும் தெரியும்,
எனக்கு முதுகு காட்டி நின்றார்.
வளைவில் பெட்டி சாய்ந்தது.
எல்லோரும் சாய்ந்தோம்.
அவர் கைபேசியில் கடிகாரத்தைத் திறந்து
கூட்டல் குறியை அழுத்தி
'டொ' என்று தட்டினார்.
பட்டியல் கொடுத்த முதல் ஊரையே எடுத்துக்கொண்டார்.

ஒன்று பத்து.
அதன் கீழே
ஏழு பத்து.