நானூற்றுப் பன்னிரண்டு கிலோபைட்

சோஹாரில் அதிகாலை மூன்று பத்து.
கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
நான்காம் பம்ப்
தன் அழுத்தத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டது.
ஓடுகிறது. சொல்லத்தான் மாட்டேனென்கிறது.

நேற்று மாலை அப்டேட் போட்டவள் நான்.
பதிவேட்டில் பச்சை மையில்
எழுதியும் வைத்திருக்கிறேன்.

பழைய பதிப்புக்குத் திரும்பு என்றேன்.
கணினி கிடங்கு கிடங்காய்ப் போய்க் கேட்டது.
மஸ்கட்டில் இல்லை.
பிராங்க்பர்ட்டில் இல்லை.
புதியது வந்த பதினான்காம் நாள்
யாரும் சுட்டாத பொட்டலத்தைப்
பெருக்கித் தள்ளிவிடுவார்கள்.
வட்டுக்குக் காசு வேண்டும், தப்பில்லை;
ஒரு பைசா தராமல்
எடுத்துக்கொண்டே இருந்தவள் நான்.
போன வாரம் இடம் போதவில்லையென்று
இந்தக் கணினியின் தேக்கத்தையும்
நானேதான் பெருக்கினேன்.

மூலநிரல் இருக்கிறது.
வரிக்கு வரி, காற்புள்ளி பிசகாமல்.
அதைத் தொகுக்க ஒரு பழைய தொகுப்பி வேண்டும்,
தொகுப்பிக்கு ஒரு பழைய நூலகம்,
நூலகத்துக்கு
இன்னும் பழையதொன்று.
பந்தியில் உட்கார்ந்தவளுக்கு
இலையில் விதைநெல்லை வைத்தது போல.

ஸ்டோர் ரூமில், வடிகட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால்
ஜெபகரனின் மடிக்கணினி.
மார்ச்சில் விசா முடிந்து போனான்.
மூடியின் மேல் டேப்: துடைக்கவும்.
என் கையெழுத்து.

மின்விசிறி இருமிக்கொண்டு எழுந்தது.
பராமரிப்புக் கடவுச்சொல்லை
இன்னும் ஏற்றுக்கொண்டது.
மூன்று வருடத்துப் பொட்டலங்கள்
ஒன்றைக்கூட அவன் கழிக்கவில்லை.
சோம்பலா, ஏற்பாடா,
அவனிடம் கேட்டால் சிரிப்பான்.
அவற்றுக்கு நடுவே அது,
நானூற்றுப் பன்னிரண்டு கிலோபைட்.
கையொப்பம் ஒத்துப்போனது.
சாவி காலாவதியாக ஒன்பது நாள் பாக்கி.

நான்கு ஐம்பதுக்குப் பம்ப் வாய் திறந்தது:
அறுபத்தொரு பார்.
இதைத் தொடாதே என்று பதிப்பைப் பூட்டினேன்.
மூன்று இடங்களில் நகல் வைத்தேன்.

நன்றி சொல்ல அவன் எண்ணைத் தேடினேன்.
ஓமன் எண். இருந்தது.
படத்தில் மட்டும் யாரோ ஒரு குழந்தை,
கண்ணாடி வேலை செய்த பலூச்சித் தொப்பி.
எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள்.
தட்டச்சியதை அழித்தேன்.

ஆறு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் முன்
டேப்பை உரித்தேன்.
வெயிலில் கிடந்த பசை, பாதிதான் வந்தது.
மூடியில் இன்னும் நிற்கிறது
க்கவும்,
என்ன செய்யவேண்டும் என்று சொல்லாமல்.