ரசமட்டம்

என் மினி டிப்பரில் சாமி படம் கிடையாது.
முன்கண்ணாடிக்குக் கீழே குறுக்காகப் படுத்திருக்கிறது
பாதித் தண்ணீரோடு ஒரு லிட்டர் பாட்டில்.
தண்ணீர் எந்தப் பக்கம் கூடுகிறதோ
அன்றைக்கு அந்தப் பக்கம் சூலம்.

செக்கானூரணிக் கண்மாயில் ராத்திரி மழை.
காலையில் அள்ளிய கரம்பை
ஈரத்தில் ஒன்றரை மடங்கு கனத்தது.
பர்மிட் இன்று சாயங்காலத்தோடு முடிகிறது,
அஞ்சு நடை அடித்தாக வேண்டும் என்று
ஓனர் ரத்தினபாண்டி போனில் ஏழு தடவை சொல்லிவிட்டார்.
ரோட்டோரம் நிறுத்தித் தார்ப்பாயை மறுபடி இழுத்துக் கட்டியதை
எட்டாவது தடவையிலும் அவரிடம் சொல்லவில்லை.

ஒச்சம்மாளின் தென்னந்தோப்பு விக்கிரமங்கலம் தாண்டி.
"வாய்க்காலை ஒட்டிக் கொட்டுப்பா,
அந்த மரந்தான் குரும்பையா உதிர்க்குது."
பாட்டிலில் தண்ணீர் இடப்பக்கம் கூடியது.
"அங்க வண்டி நிக்காதுக்கா" என்று
பதினைந்தடி தள்ளி நிறுத்தினேன்.
அவர் முகம் சுண்டியது.
கூடையில் சுமக்கப்போவது அவர் ஆட்கள்தானே.

இறங்கி அண்ணாந்து பார்த்தேன்.
பம்புசெட்டுக்குப் போகிற மூன்று கம்பிகள்
நடுவில் தொய்ந்து, இரண்டு மைனாக்களோடு.
தொட்டி நிமிர்ந்தால் எவ்வளவு உயரமென்று
மைனாவுக்குத் தெரியாது.
இன்னும் பத்தடி முன்னால்.

மொக்கராசுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றுதான்:
வலது கண்ணாடிக்குள் நிற்பது.
கண்ணாடியில் அவன் இல்லையென்றால்
லிவரில் என் கை இல்லை.

பின்கதவுக் கொக்கியை விடுவித்துத் தொட்டியைத் தூக்கினேன்.
பாதி மண் போனது.
மீதி, கவிழ்த்த சட்டியில் உறைந்த தயிர் மாதிரி
உச்சியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
வண்டி ஒரு பெருமூச்சளவு சாய்ந்தது.
"லேசா பின்னால எடுத்துச் சடக்குன்னு பிரேக் அடி,
தன்னால விழும்" என்றார் ஓனர்.
விழும்.
கப்பலூரில் ஒருதரம் அடித்தேன்.
மண் விழுந்தது, கூடவே வண்டியும்.
ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

போனை சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுத்
தொட்டியை இறக்கினேன், எறும்பு நடையில்.
கண்ணாடி காலி.
கை நின்றது.
ஆயில் எங்கே சொட்டுகிறதென்று பார்க்கத்
தொட்டிக்கு அடியில் தலையை நீட்டியிருக்கிறான் மொக்கராசு.
அவனை நான் அழைத்த சொல்
அவன் அம்மா வைத்த பெயர் அல்ல.
மரத்தில் காய் வெட்டிக்கொண்டிருந்தவர்
அரிவாளைச் செருகிவிட்டுக் கீழே பார்த்தார்.

பிறகு இரண்டு மண்வெட்டி, முக்கால் மணி நேரம்.
சட்டை முதுகை விட மறுத்தது, அதுவும் கரம்பை ஜாதி.
அஞ்சாவது நடை இல்லை.
அதற்கான பேட்டாவும் இல்லை.
"என்னப்பா ஆச்சு, இம்புட்டு நேரம்?"
"ஒண்ணும் ஆகலைக்கா."
அதற்கு மேல் சொல்ல என்னிடம் சேதி இல்லை.

கிளம்பும்போது பாட்டில் காலி.
வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான் மொக்கராசு.
வண்டியை அணைத்தேன்.
"பம்புசெட்டுல பிடிச்சுட்டு வா."
ஓடினான்.
கழுத்து வரைக்கும் நிறைத்துப்
பெருமையாகத் தூக்கிக்காட்டிக்கொண்டே வந்தான்.
"கொட்டு" என்றேன்.
"பாதி."