நாற்பத்தேழு பார்

கடலூர் முதுநகர். துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் ஐஸ் ஃபாக்டரி.
ஆபீஸ் அறைக்குள்ளும் உப்பு வரும்.
என்டர் பட்டனை அழுத்தினால்
எழுந்திருக்க யோசிக்கும்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்கால்.
கலியபெருமாள் சார் ஒரு படகின் கணக்கில்
நாற்பத்தேழு பார் என்று அடித்துவிட்டு
இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.
இறுக்குது என்று கடிகாரத்தைக் கழற்றி
மேசையில் வைத்தார்.
பிறகு நாற்காலி சரிந்த சத்தம்.

ஆம்புலன்ஸ் ஜிப்மருக்குக் கிளம்பிய பின்
ஷாகிதாதான் முதலில் பார்த்தாள்,
திரை இருண்டிருப்பதை.
ஓடிப்போய் மவுஸைத் தட்டினாள்.
கணக்கு திரும்பி வந்தது.

ஐந்தாவது நிமிடம் மானிட்டர் தூங்கும்.
அது பரவாயில்லை, தட்டினால் விழிக்கும்.
பத்தாவது நிமிடம் பூட்டிக்கொள்ளும்.
பூட்டினால் பாஸ்வேர்டு கேட்கும்.
பாஸ்வேர்டு ஆம்புலன்ஸில் போய்விட்டது.

அறுபத்திரண்டு படகு, ஆறு மாத பாக்கி.
பூட்டாதே என்று செட்டிங்கை மாற்றப் போனால்
அதற்கும் அதே பாஸ்வேர்டு.
பென் டிரைவ் செருகும் துளையில்
உப்பு பூத்திருந்தது.

பகலில் நானும் ஷாகிதாவும் மாற்றி மாற்றி
எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அசைத்தோம்.
முதலாளி வாசலில் நின்று பார்த்தார்.
இதுக்கா சம்பளம் என்று வாயெடுத்தவர்
பாக்கி நினைவு வந்து
டீ சொன்னார்.

ராத்திரிக்கு வாட்ச்மேன் சிங்காரவேலு.
"கொசு வெரட்டுற மாதிரிதானே" என்றார்.
மூன்று மணிக்குக் கண் அசந்து
விழித்தால் திரை கறுப்பாம்.
முருகா என்று மவுஸ் மேலேயே விழுந்தாராம்.
பூட்டியிருக்கவில்லை.
இனி என்னால ஆகாது என்று
காலையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் ஷாகிதா
அந்தக் கடிகாரத்தை எடுத்து
மல்லாக்க வைத்தாள்.
அதன் முகத்தின் மேல் மவுஸை ஏற்றினாள்.
மவுஸின் வயிற்றில் எரிகிற சிவப்பில்
விநாடி முள் கடந்து போனது.
திரையில் அம்பு ஒரு நூல் துடித்தது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மறுபடி துடித்தது.

கையை எடுத்துவிட்டு நின்றோம்.
யாரும் பேசவில்லை.
மானிட்டரை மட்டும் பட்டனில் அணைத்தேன்,
வெளிச்சம் எதற்கு,
உள்ளே ஓடினால் போதும்.

ஐஸ் உடைக்கும் மெஷின் இரைந்தது.
படகுகள் வந்தன, போயின.
புதுக் கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம்.

வியாழன் மத்தியானம் அவர் மனைவி ஃபோன்.
கண் தொறந்துட்டாரும்மா.
ஏதோ நம்பர் சொல்றாரு, புரியல.

முதலாளி கையைக் காட்டினார்:
கேளு, கேளு, அதான் பாஸ்வேர்டு.
பேனாவை எடுத்தேன்.

நாப்பத்தேழு இல்லியாம்மா.
ஒரு பார் ஏத்தும்போதே ஒடஞ்சு போச்சாம்.
நாப்பத்தாறுன்னு போடச் சொல்றாரு.

மானிட்டரைப் போட்டேன்.
அவர் விட்ட இடத்திலேயே
அந்தச் சின்னக் கோடு
மினுக்கிக்கொண்டிருந்தது.

ஒன்றைக் குறைத்தேன்.
என்டர் யோசித்தது, பிறகு எழுந்தது.