நாற்பத்தோராம் வரி

குலசேகரம் சந்தையில்
வில்பிரட் கடைத் தராசு
வில்பிரட்டைப் பார்த்துதான் உட்கார்ந்திருக்கும்.
சிவப்பு எண்கள் அவர் கண்ணுக்கு.
நமக்குத் தெரிவது அதன் முதுகும்
முதுகில் ஒட்டிய, விலை கிழியாத சீட்டும்.
பால் கேன் இறங்கும்.
மெட்ரோலாக் ஒருமுறை மூழ்கி எழும்.
"முப்பத்திரண்டு" என்பார்.
முப்பத்திரண்டுதான்.

இதற்காகத்தான் அந்தச் செயலியை எழுதினேன்,
திருவனந்தபுரம் வேலையை விட்டு வந்த மழைக்காலத்தில்,
பால்வெட்டு நின்றுபோன தோட்டத்துப் பக்கத்து அறையில்,
களியக்காவிளையில் இனி பஸ் மாற வேண்டாம் என்ற நிம்மதியில்.
லிட்டர், சதவீதம், அன்றைய விலை.
மூன்று கட்டம், ஒரு பொத்தான்.
பெயர் ஒட்டுப்பால்.
அது வேறெதுவும் கேட்காது.

ரசலய்யனுக்கு நூறு மரம்.
விடியுமுன் வெட்டப் போகிறவர்,
நெற்றி விளக்கு பழுதாகிப்
போனில் ஒரு டார்ச் செயலி இறக்கினார்.
அது கேட்டது:
நீ இப்போது எங்கே நிற்கிறாய்,
உனக்கு யாரையெல்லாம் தெரியும்,
உன் குரலைக் கொஞ்சம் கேட்கலாமா.
"வெளிச்சத்துக்கு இவ்வளவு விவரம் எதுக்கு மோளே?"
எல்லாவற்றுக்கும் சம்மதம் அமுக்கிவிட்டுத்தான்
என்னிடம் கேட்டார்.

செயலிக் கடை வருஷா வருஷம் கடிதம் போடும்:
புதுப் பதிப்புக்கு மாற்று,
இல்லையென்றால் இறக்கிவிடுவோம்.
பெருக்கலில் புதுப் பதிப்பு என்ன வந்தது
என்று எனக்குத் தெரியவில்லை.
மாற்றினேன்.

நிரலை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன்.
எடு, படி, திருத்து, விற்றாலும் சரி,
திருத்தியதை மூடி வைக்காதே.
உரிமம் அவ்வளவுதான்,
மீதி வக்கீல் பாஷை.
மூன்றாம் மாதம் எவனோ எடுத்தான்.
மூடினான்.
ரப்பர் கோல்டு புரோ என்று பேர் வைத்தான்.
பால் கணக்குக்கு நடுவே ரம்மிச் சீட்டு குலுங்கியது.
அவனுக்கு நாற்பதாயிரம் பேர்,
எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
பெரிய மனசு என்றெல்லாம் இல்லை,
அன்று ராத்திரி முழுக்கத் திட்டினேன்,
மலையாளத்திலும் கொஞ்சம்.
"பூட்டிவிடேன்" என்றான் தம்பி அஜின்.
பூட்டவில்லை.
கொள்கை என்று சொல்லிக்கொண்டேன்,
பாதி சோம்பல்.

ஐப்பசியில் ஒரு திருத்தம் வந்தது.
அனுப்பியவள் பெயர் பெல்சியா.
நாற்பத்தோராம் வரியில்
சதவீதத்தை முழு எண்ணாக எடுத்திருக்கிறேன்.
முப்பத்திரண்டே முக்கால் போட்டால்
முக்காலை வெட்டி எறிந்துவிட்டு
முப்பத்திரண்டுக்குக் கணக்கு.
பதினான்கு மாதம்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் காலும் அரையும் முக்காலும்
கடைகளின் பக்கமாகச் சொட்டியிருக்கிறது,
விளம்பரமில்லாமல், இலவசமாக,
என் கையால்.

கீழே குறிப்பு எழுதியிருந்தாள்:
"நான் வில்பிரட் சார் கடையில் கணக்கு பார்க்கிறேன்.
இந்தத் தப்பு எங்களுக்கு லாபம்தான்.
ஆனா சாயங்காலம் ஏட்டில் இடிக்குது,
எனக்குத் தூக்கம் போகுது.
பார்த்துச் சேர்த்துவிடவும்."

சேர்த்தேன்.
சேர்த்த பிறகுதான் நினைவு வந்தது:
கோல்டு புரோவிலும் அதே நாற்பத்தோராம் வரி
அப்படியே இருக்கும்.
அங்கே ஒரு பெல்சியா விழித்திருந்தாலும்
கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது.
அவனுக்கு எழுதிப் போட்டேன்.
பதில் இல்லை.
ரம்மி குலுங்கிக்கொண்டிருக்கிறது.

ரசலய்யனிடம் போய்ச் சொன்னேன்.
சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.
உங்கள் பங்கு இரண்டாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது,
தப்பு வில்பிரட்டுடையது இல்லை, என்னுடையது.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்,
தராசின் முகத்தைப் பார்ப்பது மாதிரி.
"மொத்தம் எத்தனை வரி?"
இருநூற்று முப்பத்தாறு.
"மத்த வரியெல்லாம் யாரு பாத்தா?"