நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது

பர்கூர் பக்கம் ஜல்லிக் குவாரியில்
இருபத்திரண்டு வருஷம் வெடி வைத்தவன் நான்.
திரியைப் பற்றவைத்து
செங்கொடிக்குப் பின்னால் ஓடிவந்து குந்தி
எண்ணுவேன்.
பதினாறு குழி என்றால் பதினாறு சத்தம்.
பதினைந்தோடு நின்றால்
ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது,
டீ ஆறினாலும் சரி, முதலாளி கத்தினாலும் சரி.
வெடிக்காமல் நிற்கிற குழிக்குக்
காது உண்டு என்பார் பெருமாளப்பன்.
அவருக்கு ஒரு கை இல்லை.

இப்போது என் இடது குதிகாலில் ஒரு குழி.
சர்க்கரை தோண்டியது.
பதினான்கு மாசமாகப் பிரித்து, கழுவி, கட்டி,
எட்டணா அகலம் ஒரு ரூபாய் அகலமாகி
பிறகு
காசுக் கணக்கில் சொல்ல முடியாமல் போனது.
காலை எடுத்துவிடலாம் என்று
சேலத்தில் ஒருவர்
கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்.
கெம்பம்மா அந்தச் சீட்டை
மடித்து மடித்துத்
தீக்குச்சி அளவுக்கு ஆக்கிவிட்டாள்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா தாண்டி
பெயின்ட் கடை மாடியில் ஒரு கிளினிக்.
"அதிர்வலை கொடுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.
சத்தம்தானாம், அழுத்தி அனுப்புகிற சத்தம்.
சிறுநீரகக் கல்லை உடைக்கிற அதே சாதி,
இங்கே கொஞ்சம் மெல்ல.
உடைக்க இல்லை,
தூங்கிப்போன சதையைத் தட்டி எழுப்ப;
புதுசாய் ரத்தக்குழாய் விடும் என்றார்.
சிரித்துவிட்டேன்.
வெடி வைத்து எதையும் எழுப்பியதில்லை
எங்கள் தொழிலில்.

ஷமீம் சிஸ்டர் புண்மேல் கண்ணாடித்தாள் வைத்து
ஓரத்தைப் பேனாவால் வரைந்தாள்.
பாரூர் ஏரி மாதிரியே இருந்தது,
மதகு கூட.
பசை தடவினாள். "ஜில்லுன்னு இருக்கும்" என்றாள்.
இல்லை.
டக் டக் டக்.
"வலிக்குதாண்ணா?"
இல்லை.
வலிக்காததுதான் வியாதி என்று
அவளுக்கும் தெரியும்.
ஆணி ஏறியது தெரியாமல்
போச்சம்பள்ளிச் சந்தை முழுக்க நடந்த கால் இது.

பழக்கம். எண்ணினேன்.
முன்னூறில் கீழே லாரி ஹாரன் அடித்தது,
விடவில்லை.
மெஷின் ஐந்நூறு காட்டி நின்றது.
என் கணக்கில் ஒன்று குறைவு.
"ஒண்ணு வெடிக்கல சிஸ்டர். உள்ளே நிக்குது."
"தப்பா எண்ணியிருப்பீங்க."
தப்பாக எண்ணுகிறவன்
இத்தனை வயசுக்கு
இரண்டு கையோடு மாடிப்படி ஏறி வர மாட்டான்.

மூன்று வாரம்.
ஏரிக்கரை ஒரு நூல் சுருங்கியது.
கெம்பம்மா நம்பவில்லை.
புதுத்தாளைப் பழைய தாள்மேல் வைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் மாவு கரைக்கப் போனாள்.

நேற்று ராத்திரி இரண்டு மணி இருக்கும்.
குதிகாலுக்குள், எங்கோ அடியில்,
சுருக்கென்று
ஒரே ஒரு தடவை.
எழுந்து உட்கார்ந்தேன்.
அசையவில்லை, காலைத் தொடவும் இல்லை.
வியர்த்திருந்தது.

"என்ன?" என்றாள் இருட்டில்.

"ஐந்நூறு" என்றேன்.