இடப்பக்கம்

பெட்டியின் மேல் எழுதியிருந்தது:
இதற்குள் இன்ஜின் இல்லை.
வேறோர் இன்ஜினை இதுவாக மாற்றும்
பொருள்கள் மட்டும்.

பித்தளைத் தகடு இரண்டு.
ஈயக் கலவையில் புகைபோக்கி, நீராவிக் குமிழ், விசில்.
நாலு பக்கக் குறிப்பு. மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில்:
இதற்கு மேல் திரும்ப முடியாது.

அடிச்சட்டத்துக்காகக் கோ பூன் தெக்கிடம் வாங்கிய
ஜப்பான் இன்ஜின்
நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.
சனிக்கிழமை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு
ஞாயிறு காலை ரம்பத்தை எடுத்தேன்.
மேசையில் காப்பித்தூள் மாதிரி
கறுப்பாய் உதிர்ந்தது.

செங்காங், ஒன்பதாம் மாடி.
போர் வந்தால் பதுங்க வீட்டுக்குள் ஓர் அறை.
அரிசி மூட்டை, சூட்கேஸ்கள், முறுக்கு டின்,
நடுவில் நான்.
சுவரில் துளை போடக் கூடாது என்பது விதி.
தகட்டில் போட்டேன்,
கைப்பிடிக் கம்பிக்கு, அரை மில்லிமீட்டர்.

மழுங்கிய ஊசியால் பின்னாலிருந்து அழுத்தினால்
முன்னால் ஒரு ரிவெட் எழும்பும்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
நூற்றெழுபதில் நாகரெத்தினம் சாப்பிடக் கூப்பிட்டார்.
திரும்பி வந்து
ஒன்றிலிருந்து எண்ணினேன்.

பற்றவைப்பில்தான் தப்பு.
பித்தளைக்கு வைத்த சூட்டைக் குறைக்காமல்
புகைபோக்கியைத் தொட்டுவிட்டேன்.
ஒரு கணம் நிமிர்ந்தே நின்றது.
பிறகு, கடைசி ரயிலில் உறங்குகிறவர் தலை மாதிரி
பக்கத்தில் சாய்ந்தது.
அதன்பின் அது ஒரு சொட்டு.

எனக்கு வேலை பல் செய்வது.
ஊபியில், சன்னல் இல்லாத கூடம்.
வாய்களை நான் பார்ப்பதில்லை.
அச்சு வரும், எண் வரும், கெடு வரும்.
அன்று வந்த எண் 46:
கீழ்த்தாடை, வலப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
மெழுகில் பல்லைச் செதுக்கினேன்.
லிம் கோப்பி குடிக்கப் போன கால்மணி நேரத்தில்
மிச்ச மெழுகில் புகைபோக்கியைச் செதுக்கினேன்.
ஒரே வளையத்துக்குள் இரண்டையும் நட்டு
ஒரே ஊற்றாய் ஊற்றினேன்.
மெருகும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பார்த்துச் செய்ய என்னிடம் இருப்பது ஒரே படம்.
தஞ்சோங் பகார் நடைமேடை, மழை விட்ட பிறகு,
இன்ஜினின் இடப்பக்கம்.
எண்பலகையின் கடைசி இலக்கத்தை நீராவி மறைக்கிறது.
ஓரத்தில் யாரோ ஒருவரின் தோள்,
தோளில் துண்டு. ஆள் இல்லை.

வலப்பக்கம் எப்படி இருந்தது?
காற்றுப் பம்பு அங்கேயா?
குழாய் எந்த இடத்தில் வளைந்து இறங்கியது?
"இஷ்டத்துக்குப் போடு, யாருக்குத் தெரியப் போகிறது?"
என்றார் கோ.
தெரியாது என்பது
எனக்குத் தெரியுமே.

ஈரக் காற்றில் வண்ணம் வெளுத்துப் பூக்கும்.
நாலு மாலை ஏர்கான் போட்டுக் காத்திருந்து
இடப்பக்கத்துக்குக் கறுப்படித்தேன்.
அதன்மேல் கரி,
கொதிகலன் ஓரம் சுண்ணாம்புக் கறை,
ஏறும் படியில் பூட்ஸ் தேய்த்த வெள்ளி.
வலப்பக்கத்தைத் துடைத்து
வெறும் பித்தளையாகவே விட்டேன்.

நேற்று இரவு ஓட்டினேன்.
முறுக்கு டின்னிலிருந்து சுவர்வரை
தொண்ணூறு சென்டிமீட்டர் தண்டவாளம்.
போகும்போதும் எனக்கு இடப்பக்கம்.
பின்னோக்கி வரும்போதும் இடப்பக்கம்.
கான்கிரீட்டுக்கு மட்டும் மற்றது.
வெளியே, ஓட்டுநர் இல்லாத எல்ஆர்டி
வளைவில் கிறீச்சிட்டுப் போனது.
நாகரெத்தினம் இரும்புக் கதவோரம் நின்று
"விசில் அடிக்குமா?" என்றார்.
இரண்டு மில்லிமீட்டர் விசில்.
அடிக்காது.

இந்நேரம் இந்தத் தீவில் எங்கோ
யாரோ ஒருவர் பரோட்டாவை
வலப்பக்கம் ஒதுக்கி மெல்கிறார்.
கொஞ்சம் உயரமோ என்று
நாக்கால் தொட்டுப் பார்க்கிறார்.