நாற்பத்தொன்றாவது ஸ்லைடு

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள்
இன்னும் இரண்டு புள்ளி வேண்டும்
உரிமத்தைப் புதுப்பிக்க.
நாய் பூனைக்கு வகுப்புகள் கொட்டிக் கிடக்கின்றன.
பண்ணை விலங்குக்கு
வருடத்தில் ஒரு சனிக்கிழமை.
லிம் சூ காங், கோழிப்பண்ணையின் பின்னறை.
ஒன்பது நாற்காலி, ஏழு பேர்.

கிருமிநாசினியில் பூட்ஸை முக்கி உள்ளே போனோம்.
வரும்போது ஒரு ஸ்கேன், போகும்போது ஒரு ஸ்கேன்
என்றாள் ஷெர்லின்.
போகும்போது மறந்தால்
வந்ததே கணக்கில் இல்லை.

மேசைமேல் ஒரு மாட்டின் பின்பாதி.
ஃபைபர் எலும்பு, சிலிக்கோன் தோல்,
வயிற்றுக்குள் ஏடாகூடமாக ஒரு ரப்பர் கன்று.
மாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் இந்தத் தீவில்;
நாங்கள் தோள்வரை விட்டு எண்ணினோம்.
மீன்களைப் பார்க்கும் ஃபர்ஹான்
கண்ணை மூடித் தேடினார்:
"கால் கிடைச்சிருச்சு. எந்தக் கால்னு தெரியல."
இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்கால்
என்றது திரை.
தெங்காவிலிருந்து ஒரு போர்விமானம்
கூரையை உரசிக்கொண்டு போனது.
பக்கத்துக் கொட்டகையில் அத்தனை கோழிகளும்
ஒரு கணம் வாயடைத்துப்போய்
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

பிறகு ஸ்லைடுகள்.
முப்பத்தொன்பது: மருந்து கொடுத்தபின்
பாலை எத்தனை நாள் விற்கக்கூடாது.
நாற்பது: ஒரு வரைபடம், யாருக்கும் புரியவில்லை.
நாற்பத்தொன்று:
கால்சியம், சிரை வழியாக. மெதுவாக.
இதயத்தைக் கேட்டுக்கொண்டே.

இது எனக்குத் தெரியும்.
மூன்று வருடத்துக்கு முன்பும் தெரியும்.
கிராஞ்சி. கோ பெங் சியூவின் கொட்டில்.
மஞ்சள் காதுவில்லை, எண் 212,
குட்டி போட்டு இரண்டாம் நாள்.
நான்கு மணிக்குத் தெம்பனீஸில் எனக்கு
ஒரு பூனையின் பல் காத்திருந்தது.
சொட்டை முழுக்கத் திறந்துவிட்டேன்.
ஸ்டெதாஸ்கோப் கழுத்தில்தான் இருந்தது,
நகை மாதிரி.

நோய் முற்றிவிட்டது என்றேன்.
அவர் தலையாட்டினார்.
கோப்பிலும் அப்படியே எழுதினேன்.
ஒரு புள்ளியும் குறையவில்லை.

கடைசி வினாத்தாளுக்குச் சற்று முன்
கைப்பேசி அதிர்ந்தது. கோ.
"டாக்டர், ஒண்ணு படுத்திருக்கு. எழும்பல."
இந்தப் பக்கம் வர வேறு ஆள் இல்லாததாலும் இருக்கலாம்.
"நாலரை வரைக்கும் ஸ்கேன் திறந்திருக்கும்"
என்றாள் ஷெர்லின், கடிகாரத்தைப் பார்த்து.

எண் 388. காது சில்லிட்டிருந்தது.
தலையை விலாவோரம் திருப்பி வைத்திருந்தது,
தொலைத்த எதையோ அங்கே தேடுவதுபோல.
மழை பிடித்துக்கொண்டது. தகரம் ஒழுகியது.
ஊசி சிரையில்.
குழாயின் சின்னச் சக்கரத்தில் என் கட்டைவிரல்.
இதயம் வேகமாக, மங்கலாக,
அடுத்த வீட்டில் யாரோ தையல் மெஷின் மிதிப்பதுபோல.
ஒரு துடிப்பு தடுக்கியது.
மூடினேன். காத்திருந்தேன்.
கொஞ்சம் திறந்தேன்.
நாலு இருபது.

கோ என் முதுகுக்குக் குடை பிடித்து நின்றார்.
"இன்னிக்கு பெலான் பெலான்" என்றார்.
கேள்வி இல்லை அது.
காதில் குழாய் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு,
பிறர் சொல்வது விழவில்லை என்று இருந்துவிடலாம்.
"போன தடவை வேகமா விட்டுட்டேன், அங்கிள்.
அதனாலதான் போச்சு."
மழை கொஞ்ச நேரம் பேசியது.
"தெரியும்," என்றார்.
"பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."
குடை நகரவில்லை.

மெஷினின் மிதி மெல்ல மெல்ல
நடையானது.
நாலு முப்பத்தைந்து.
ஆடு நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.
பிறகு வாலைத் தூக்கி
சூடாக, பளபளவென்று
பிழுக்கை போடத் தொடங்கியது.
ஒன்று, இரண்டு.
அதற்குமேல் நான் எண்ணவில்லை.